கழற்றிய பெயர்

2025 மார்ச் மாதத்தில் ஓர் இரவு, கல்கரியில் இருக்கும் மகள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியைப் போட்டிருந்தாள். கூடவே ஒரு சொல்லும் எழுதவில்லை. பஃபி செயின்ட் மேரிக்குக் கொடுத்த ஜூனோ என்கிற கனடிய இசை விருதுகளைத் திரும்பப் பெறுகிறார்கள், கனடிய இசைப் புகழ் மண்டபத்திலிருந்தும் அவரை நீக்குகிறார்கள் என்பது செய்தி. நான் இரண்டு தரம் வாசித்தேன். மனைவி பக்கத்தில் இருந்து "யார் அது?" என்று கேட்டாள். "பழைய பாட்டுக்காரி ஒருத்தி" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய் யன்னலடியில் நின்றேன். பழைய பாட்டுக்காரி என்று மட்டும் சொல்லி முடிக்கக்கூடிய ஆள் இல்லை அவர், எனக்கு. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கோபம் இன்றைக்கு வேறு இடத்தில் வந்து நிற்கிறது. எப்படி நகர்ந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் போல் இருக்கிறது.

குசினியில் ஒரு கசெட்

1989 நவம்பரில் ரொறன்ரோவில் வந்து இறங்கினேன். யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவம் இருந்த கடைசி மாதங்கள். வந்த மூன்றாம் கிழமை ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. என் வயதுக்காரர் அநேகம் பேருக்கு இந்த நாட்டில் முதல் வேலை அதுதான், ஆகவே அதை விரிக்கத் தேவையில்லை. அந்தக் குசினியில் இறைச்சி வாட்டுகிற இடத்தில் நின்றவர் ஒரு பூர்வகுடி மனிதர். சஸ்காச்சுவானிலிருந்து வந்த க்ரீ இனத்தவர். வயது நாற்பதுக்குக் கிட்ட இருக்கும். அதிகம் கதைக்க மாட்டார். இரவு பதினொரு மணிக்குக் கடை பூட்டி, அடுப்புகளைத் துடைத்து, நிலத்துக்குத் தண்ணீர் அடிக்கிற நேரத்தில் வானொலியை நிற்பாட்டிவிட்டுத் தன்னுடைய கசெட் ஒன்றைப் போடுவார்.

அந்தக் குரல் முதல் நாளே என்னை நிறுத்தியது. நடுங்குகிற குரல். பயத்தில் வருகிற நடுக்கம் இல்லை. இழுத்துக் கட்டிய கம்பி அதிருமே, அந்த மாதிரி. சொற்கள் ஒன்றும் பிடிபடவில்லை. என்ன பாடுகிறார் என்று கேட்டேன். அவர் பாட்டை நிற்பாட்டி, எனக்கு விளங்கக்கூடிய சின்ன இங்கிலீசில், வரி வரியாகச் சொன்னார். உலகத்துச் சிப்பாய்கள் எல்லாரையும் பற்றி 1964இல் வந்த பாட்டு அது. போரைத் தலைவர்கள் மட்டும் நடத்துவதில்லை, துவக்கைத் தூக்கச் சம்மதிக்கிற ஒவ்வொருவனும் அதற்குப் பொறுப்பு என்கிற பாட்டு. எங்கள் ஊர்ச் சந்தியில் மூன்று விதச் சீருடைகளைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். ஈரத் தரையில் துடைப்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அவர் கசெட் மட்டையில் இருந்த படத்தைக் காட்டி, "இவர் எங்கட ஆள்" என்றார்.

பிறகு, கன மாதங்கள் கழித்து, அந்த "எங்கட ஆள்" என்பதற்கு அவர் வைத்திருந்த பொருளைச் சொன்னார். அவருக்கு மூன்று வயதில் அரசாங்கத்துச் சிறுவர் நலக்காரர்கள் வந்து அவரைத் தாயிடமிருந்து எடுத்துக்கொண்டு போய், ஒன்ராறியோவில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். 1950களிலிருந்து 1980கள் வரைக்கும் இப்படி எடுத்துச் செல்லப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் 20,000க்கும் மேல் என்பது பிறகு வெளியில் வந்த கணக்கு. அன்றைக்கு எனக்கு அது புதிது. அவருக்குத் தன் சொந்த ஊர் தெரியவந்தது முப்பது வயதில். போய்ச் சேர்ந்தபோது தாய் இல்லை. பஃபி செயின்ட் மேரியும் தன்னைப் போலத்தான் என்று சொன்னார். சஸ்காச்சுவானில் பியாபொட் என்கிற க்ரீ ஊரில் பிறந்து, குழந்தையிலேயே பிரிக்கப்பட்டு, அமெரிக்காவில் வெள்ளைக்காரர் வீட்டில் வளர்ந்து, பெரியவளாகித் திரும்பி வந்து தன் சனத்தைக் கண்டுபிடித்தவர். அப்படித்தான் எல்லாரும் நம்பினோம். அவருடைய பாட்டைக் கேட்கிற நேரத்தில், தான் ஒருவன் மட்டும் இப்படி இல்லை என்று தோன்றும் என்றார்.

1995இல் பஃபி செயின்ட் மேரியைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். அடுத்த நாள் வேலைக்கு வந்தபோது அந்தக் க்ரீ மனிதர் கையில் ஒரு பெட்டி டோனட். குசினி முழுக்கக் கொடுத்தார், முதலாளிக்கும் கொடுத்தார். எனக்குத் தரும்போது சொன்னார்: "எங்களையும் உள்ளே எடுத்துப் போட்டார்கள்." அந்த "எங்களை" முப்பது வருடமாக என் காதில் இருக்கிறது. செய்தி வந்த இரவு யன்னலடியில் நின்றபோது கேட்டதும் அதுதான்.

ஐந்தாம் மாடி

மண்டபம் என்று சொல்கிறோமே தவிர, கனகாலம் அதற்குக் கட்டடமே இருக்கவில்லை. ஜூனோ விருதுகளை நடத்துகிற அதே இசைப்பதிவுக் கலைக் கழகம் 1978இல் தொடங்கிய கௌரவம் அது. வருடா வருடம் விருது விழாவில் ஒருவரை அறிவிப்பார்கள், கைதட்டுவார்கள், அவ்வளவுதான். 2016இல்தான் கல்கரியில், ஸ்டூடியோ பெல் என்று பெயர் வைத்த தேசிய இசை மையத்தின் ஐந்தாம் மாடியில் அதற்கென்று ஓர் இடம் வந்தது. தெருவுக்கு மேலால் பாலம் போட்டு இரண்டு பக்கமும் இணைத்த பெரிய கட்டடம். பழைய கிங் எட்வர்ட் ஹோட்டலையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் ப்ளூஸ் இசைக்குப் பேர்போன இடமாம் அது.

மகள் கல்கரிக்கு வேலைக்குப் போன புதிதில், 2018 கோடையில், என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கீழ் மாடிகளில் பழைய சிந்தசைசர்கள், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவு லொறி என்று பார்க்கக் கனக்க இருந்தது. மகளுக்கு அவைதான் பிடித்தன. நான் மேலே ஏறிப் போய்ப் பெயர்களைத்தான் வாசித்தேன். ஒஸ்கார் பீற்றர்சன், ஜோனி மிட்செல், நீல் யங், க்ளென் கூல்ட், கோர்டன் லைட்ஃபூட், லெனார்ட் கோஹன், ஆன் மரே. எனக்கு இவர்கள் எல்லாரும் ஈரத் தரையும் எண்ணெய் மணமுமான அந்தக் குசினியில் அறிமுகமானவர்கள். பெயரை வாசிக்க வாசிக்கப் பாட்டு வந்தது, பாட்டோடு அந்த வருடக் குளிர் வந்தது.

ஒஸ்கார் பீற்றர்சனின் பெயரடியில் நான் கூட நேரம் நின்றேன். 1978இல் முதன்முதல் சேர்க்கப்பட்ட இருவரில் அவர் ஒருவர். ஜாஸ் பியானோக்காரர், மொன்றியலில் ரயில் போர்ட்டராக இருந்தவரின் மகன். கரீபியன் தீவிலிருந்து வந்த தகப்பன், வேலைக்குப் போகும்போது பிள்ளைகளுக்குப் பியானோப் பாடம் கொடுத்துவிட்டுப் போய், திரும்பி வந்து ஒப்புவிக்கச் சொல்வாராம். வந்தேறிய தகப்பன் ஒருவன் அந்த இடத்தில் நின்று யோசிக்க அது போதும். மொன்றியல் மதுக்கூடம் ஒன்றில் அவர் வாசித்துக்கொண்டிருந்தது வானொலியில் போக, விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்த, ஜாஸ் கச்சேரிகள் நடத்துகிற நோர்மன் க்ரான்ஸ் டாக்சிக்குள் அதைக் கேட்டு, வண்டியைத் திருப்பச் சொல்லிப் போய்ப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. 1949இல் அவர்தான் பீற்றர்சனை நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் மேடையேற்றினார். கடைசியில் பீற்றர்சன் குடியிருந்து இறந்தது எங்கள் பக்கத்து மிசிசாகாவில். அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கே அவர் பெயர்.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். என்னையறியாமல் அந்த வரிசைகளில் ஒரு தமிழ்ப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இருக்காது என்று தெரியும். இருந்தும் கண் தேடுகிறது. திருச்சி சங்கரன் 1971இல் வந்து, ரொறன்ரோ யோர்க் பல்கலைக்கழகத்தில் ஜொன் ஹிக்கின்சோடு சேர்ந்து கர்நாடக இசைப் படிப்பைத் தொடங்கி, பத்து வருடங்கள் இருபது வருடங்கள் இல்லை, தலைமுறைக் கணக்கில் இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுத்தவர். சென்னை மியூசிக் அகாடமி 2011இல் அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது. கல்கரி வரிசையில் அவர் இல்லை. இது இசைத்தட்டு விற்பவர்கள் தொடங்கிய மண்டபம். கச்சேரியிலும் வகுப்பிலும் வாழ்கிற இசைக்கு அதன் காது அவ்வளவு திறப்பதில்லை. ஆனால் நான் சொல்லவந்தது குறை இல்லை. கண் தேடியதைச் சொல்லவந்தேன். அப்படித் தேடி, ஒரு பெயரைக் கண்டுபிடித்தவர் அந்தக் க்ரீ மனிதர். டோனட் பெட்டியின் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது 2018இல், அந்த ஐந்தாம் மாடியில்தான். பஃபி செயின்ட் மேரியின் பெயர் அப்போது அங்கே இருந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டி, குசினிக் கதையைச் சொன்னேன். அவள் அந்தப் பெயரை அறிந்தது அன்றைக்குத்தான்.

யார் கனடியர்

2023 அக்டோபரில் சிபிசி தொலைக்காட்சியின் புலனாய்வு நிகழ்ச்சி ஒன்று, பஃபி செயின்ட் மேரியின் பிறப்புச் சான்றிதழைக் காட்டியது. 1941இல் அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தில், தத்துக் கொடுத்த பிள்ளையாக இல்லாமல், அந்த வெள்ளைக்காரக் குடும்பத்திலேயே பிறந்தவர் என்று அதில் இருந்தது. தான் தன் அடையாளத்தைப் பற்றி ஒருபோதும் பொய் சொன்னதில்லை என்று அவர் மறுத்தார். பியாபொட் குடும்பம் ஒன்று அவர் பெரியவளான பிறகு க்ரீ முறைப்படி அவரைத் தங்கள் பிள்ளையாக ஏற்றிருந்தது; அந்தக் குடும்பத்தார் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் இழந்த பிள்ளையாகத் தன்னை அவரில் பார்த்தவர்கள் கனபேர் உடைந்து போனார்கள். 2025 தொடக்கத்தில் ஓடர் ஒஃப் கனடா என்கிற நாட்டின் பெரிய கௌரவம் போயிற்று. மார்ச்சில் ஜூனோவும் புகழ் மண்டபமும்.

நீக்கியதற்குக் கழகம் சொன்ன காரணம் அவர் கனடியர் இல்லை என்பது. தன் பூர்வகுடி இசை ஆலோசனைக் குழுவோடும் பூர்வகுடி இசைக் கலைஞர்களோடும் கதைத்தோம் என்றும் சொன்னது. ஆனால் தீர்ப்பு என்று வந்தபோது நின்றது குடியுரிமைத் தகுதி. தான் அமெரிக்கக் குடியுரிமைக்காரி என்பதை அவரும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். சரி, விதி விதிதான். ஆனால் அன்று இரவு என் கோபம் கிளம்பியது இந்த இடத்தில்தான்.

1978இல் பீற்றர்சனோடு சேர்க்கப்பட்ட மற்றவர் இசைக்குழுத் தலைவர் கை லொம்பார்டோ. ஒன்ராறியோவில் லண்டன் என்கிற ஊரில் பிறந்தவர், வருடப்பிறப்பு இரவுகளில் நியூயோர்க்கிலிருந்து வாசித்து அமெரிக்கா முழுக்கப் புகழ் பெற்றவர், 1938இலேயே அமெரிக்கப் பிரசையாகிவிட்டவர். அடுத்த வருடம் வந்த பாடகர் ஹாங்க் ஸ்நோவும் நோவா ஸ்கோஷியாவில் பிறந்து அமெரிக்கப் பிரசையானவர். 1989இல் சேர்த்த 'த பான்ட்' குழுவில் ஐந்து பேர். அதில் லெவொன் ஹெல்ம் அமெரிக்காவில் ஆர்கன்சோக்காரர், அவர்தான் அந்தக் குழுவின் தெற்கத்திக் குரல். இதையெல்லாம் மகளுக்கு எழுதி, "எல்லாம் கடதாசிதானா?" என்று கேட்டேன்.

கனடிய இசை எது என்று கடதாசியில் எழுதிப் பார்க்கிற பழக்கம் இந்த நாட்டுக்குப் பழையது, அதற்கு நியாயமும் உண்டு. 1971இல் பியர் ஜூனோ தலைமையில் இருந்த ஒலிபரப்பு ஆணையம், வானொலிகள் போடுகிற பாட்டில் 30 சதவீதம் கனடியப் பாட்டாக இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. ஜூனோ விருது என்கிற பெயரே அவரை நினைத்து வந்ததுதான். இசையமைத்தவர், பாடியவர், பதிவான இடம், வரி எழுதியவர் என்கிற நான்கில் இரண்டு கனடாவைச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது கணக்காக இருந்தது. பக்கத்தில் அவ்வளவு பெரிய நாடு வாயைத் திறந்துகொண்டு இருக்கும்போது இப்படி ஒரு வேலி போடாவிட்டால் கோர்டன் லைட்ஃபூட்டை நான் அந்தக் குசினி வானொலியில் கேட்டிருக்கவே மாட்டேன். ஆனால் அதே வேலி 1991இல் பிரையன் அடம்சைக் கனடியர் இல்லாதவர் ஆக்கியது. அவருடைய பாட்டு இங்கிலாந்தில் தொடர்ந்து 16 கிழமை முதலிடத்தில் நிற்கிறது. இங்கே, வெளிநாட்டுக்காரர்களோடு சேர்ந்து எழுதியபடியால், கணக்கில் அது கனடியப் பாட்டு இல்லை. அவர் கோபப்பட்டுக் கதைத்தார். பிறகு விதியைத் திருத்தினார்கள். 2006இல் மண்டபத்திலும் சேர்த்தார்கள்.

உள்ளே எடுப்பதில் இந்த மண்டபம் எவ்வளவு மெதுவாக நடந்தது என்பதும் என் கோபத்தில் சேர்ந்திருந்தது. நான் வந்திறங்கிய அதே 1989இல்தான் மாயெஸ்ட்ரோ ஃப்ரெஷ் வெஸ்ஸின் முதல் இசைத்தட்டு வந்தது. ரொறன்ரோவில் பிறந்தவர், கயானாவிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளை. ஸ்காபரோப் பள்ளிக்கூடங்களில் எங்கள் பெடியள் அந்தப் பாட்டைச் சொல்லித் திரிந்தார்கள். 1998இல் வான்கூவர் ராப் குழுவான ராஸ்கல்ஸ், ராப் இசை விருதைத் தொலைக்காட்சியில் காட்டாமல் முன்னேரமே கொடுத்து முடிக்கிறார்கள் என்று விருதையே வாங்க மறுத்தது. அடுத்த வருடம் அந்த விருது தொலைக்காட்சி மேடைக்கு வந்தது. மண்டபம் முதல் ராப் கலைஞராக மாயெஸ்ட்ரோவைச் சேர்த்தது 2024இல். முதல் கறுப்பினப் பெண்ணாக டெபோரா கொக்ஸைச் சேர்த்தது 2022இல். பீற்றர்சனுக்குப் பிறகு 44 வருடம். உள்ளே எடுக்க இவ்வளவு காலம் எடுக்கிறவர்கள், வெளியே அனுப்பும்போது ஒரு கடதாசியைக் காட்டுகிறார்கள் என்று எழுதினேன். இரவு ஒரு மணி. மகள் பதில் போடவில்லை.

மகள் கேட்டது

அடுத்த நாள் மத்தியானம் அவளே அழைத்தாள். நான் திரும்பவும் கடதாசி என்று தொடங்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, நீங்கள் ஏன் இதை இவ்வளவு உங்களுக்கு நடந்தது மாதிரிக் கதைக்கிறீர்கள்?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியும். நான் கனடாவுக்குள் வந்தது இன்னொருவருடைய பாஸ்போர்ட்டில். படம் மட்டும் என்னுடையது. ஏஜென்சிக்காரர் அந்தப் பெயரையும் பிறந்த திகதியையும் பாடமாக்கச் சொன்னார். இரண்டு கிழமை நான் அந்த ஆள். விமானத்துக்குள் கழிவறையில் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, பியர்சன் விமான நிலையத்தில் வெறுங்கையோடு வரிசையில் நின்றேன். பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியும், நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் பொய்ப் பெயர், பிறப்புச் சான்றிதழ், குடியுரிமை என்று எங்காவது செய்தி வந்தால் என் வயிறு இன்றைக்கும் ஒரு தரம் சுருளும். எங்கள் ஊர்க்காரர் எத்தனை பேரை இந்தச் சொற்களை வைத்தே பொய்யர்கள் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். அதனால் கடதாசியைக் காட்டி ஒருவரை வெளியே தள்ளுவது என்றால் நான் யோசிக்காமல் தள்ளப்படுகிறவர் பக்கம் போய் நின்றுவிடுவேன்.

இதைச் சொன்னேன். மகள் கேட்டாள்: "கவுண்டரில் உங்களிடம் பெயர் கேட்டபோது என்ன சொன்னீர்கள்?"

"என் பெயரைத்தான்."

"அந்தப் பாஸ்போர்ட்காரரின் பெயரை ஏன் சொல்லவில்லை? அதைத்தானே பாடமாக்கினீர்கள்?"

அது கடல் கடக்க வாங்கிய ஓடம், கரைக்கு வந்த பிறகு அதைத் தலையில் தூக்கிக்கொண்டா போவது என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். அவள் விடவில்லை. "அந்த ஆளின் அம்மா எப்படிச் செத்தார், அவர் ஊருக்கு என்ன நடந்தது என்றெல்லாம் எடுத்து, அது எனக்கு நடந்தது என்று முப்பது வருடம் சொல்லித் திரிந்தீர்களா? அதற்காக ஒருவராவது உங்களைக் கட்டிப்பிடித்து அழுதார்களா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "டோனட் வாங்கி வந்த அந்த மாமாவுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்தானே, அவர் லொம்பார்டோவின் பாஸ்போர்ட்டைப் பற்றியா யோசிப்பார்?" என்றாள். அவள் அவரைக் கண்டதே இல்லை. 2018இல் நான் சொன்ன கதையை மட்டும் வைத்துக்கொண்டு அவரை மாமா என்று சொன்னாள்.

என் கோபம் நகர்ந்தது அப்போதுதான். குடியுரிமை என்கிற கடதாசியைப் பார்த்துப் பார்த்து, அந்தக் குசினியில் நடந்ததை நான் தவறவிட்டிருந்தேன். அவர் அந்தக் குரலைக் கேட்டு ஆறுதல் அடைந்தது அந்தக் குரலின் சொந்தக்காரி கனடியர் என்பதற்காக இல்லை. அவரிடமிருந்து பிடுங்கியதை அவளிடமிருந்தும் பிடுங்கினார்கள் என்பதற்காக. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றால், அந்த ஆறுதலை இப்போது அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார்? தாயின் முகம் தெரியாத ஒரு மனிதர், தன்னைப் போல இன்னொருத்தி என்று ஆறு வருடம் இரவு இரவாக என்னிடம் சொன்னாரே. கழகத்தின் அறிவிப்பு என்னை உறுத்துவது இன்றைக்கும் உண்டு, ஆனால் வேறு விதமாக. நீக்கியது கடுமை என்று இப்போது நான் நினைக்கவில்லை. சொன்ன காரணம் அந்த மனிதரைத் தொடவே இல்லை என்று நினைக்கிறேன். பிரசை இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிட்டால், பிடுங்கப்பட்ட பிள்ளைகளின் கதையை இன்னொருவர் சொந்தம் கொண்டாடியதாக எழுந்த அந்தப் பெரிய கேள்வியை யாரும் வாய் திறந்து சொல்லவேண்டிய தேவை இல்லாமல் போய்விடுகிறது.

இதில் இன்னொரு சிக்கல். ஜூனோ விருதுகளில் பூர்வகுடி இசைக்கென்று தனிப் பிரிவு 1994இல் வந்ததற்கு வேலை செய்தவர்களில் பஃபி செயின்ட் மேரியும் ஒருவர். எலேன் பொம்பெரி, ஷிங்கூஸ் ஆகியோரோடு சேர்ந்து நின்று கேட்டு வாங்கிய கதவு அது. அதன் வழியாக எத்தனையோ பேர் உள்ளே வந்தார்கள். அவரும் அந்தப் பிரிவிலேயே பல தடவை விருது வாங்கினார். அவர் வாங்கிய ஒவ்வொரு தடவையும் வேறொரு பூர்வகுடிக் கலைஞர் வாங்காமல் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்ததும் அவர்தான், வாசலில் இடம் பிடித்ததும் அவர்தான். இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தக் கணக்கைப் போடுகிற உரிமை பூர்வகுடிக் கலைஞர்களுக்கு உரியது என்றும் நினைக்கிறேன்.

லைட்ஃபூட் மாற்றிய வரி

ஆனால் ஒரு விருப்பம் எனக்கு இருக்கிறது. அதைச் சொல்லக் கோர்டன் லைட்ஃபூட்டிடம்தான் போகவேண்டும். 1986இல் மண்டபத்துக்கு வந்தவர். 1975 நவம்பர் 10 அன்று சுப்பீரியர் ஏரியில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்கிற சரக்குக் கப்பல் 29 பேரோடு மூழ்கியது. அடுத்த வருடமே அவர் அதைப் பாட்டாக்கினார். ஆறு நிமிடத்துக்கும் மேலான பாட்டு, பல்லவி கிடையாது, ஒப்பாரி போல ஒரே மெட்டில் சுற்றிச் சுற்றி வரும். குசினி வானொலியில் அது போகும்போது கை தானாக மெதுவாகிவிடும். எங்கள் பக்கத்திலும் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் உண்டு. பாசை விளங்காத காலத்திலேயே அது எங்கள் பாட்டு மாதிரி இருந்தது.

அந்தப் பாட்டில் கப்பலின் மேல்தளத்து மூடி உடைந்துகொடுத்தது என்று ஒரு வரி வரும். மூடிகளைச் சரியாகப் பூட்டவில்லை என்கிற பழி மாலுமிகள் மேல் இருந்த காலம் அது. 2010இல் ஒரு தொலைக்காட்சி ஆய்வு, அது அவர்களுடைய பிழை இல்லை என்கிற பக்கம் வலுவாகப் பேசியது. லைட்ஃபூட் அதைக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு மேடைகளில் அந்த வரியை மாற்றிப் பாடினார். மூடிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர்களின் குடும்பங்கள் முப்பத்து நான்கு வருடம் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். பழைய இசைத்தட்டு அப்படியேதான் இருக்கிறது. அதை அவர் உடைக்கச் சொல்லவில்லை. பழைய வரியும் கேட்கும், திருத்திய வரியும் கேட்கும். இரண்டையும் கேட்கிறவருக்கு நடுவில் என்ன நடந்தது என்று விளங்கும். 2023 மே மாதம் அவர் இறந்தபோது டிட்ரோயிட்டில் மாலுமிகளின் தேவாலயத்தில் அந்த 29 பேருக்காக 29 தரமும் அவருக்காக முப்பதாவது தரமும் மணி அடித்தார்கள்.

அந்த ஐந்தாம் மாடியில் நான் எதிர்பார்ப்பது அதைத்தான். 1995இல் இவரைச் சேர்த்தோம், இன்ன காரணத்துக்காகச் சேர்த்தோம். 2025இல் நீக்கினோம், இன்னது தெரியவந்தது, இன்னார் காயப்பட்டார்கள். இதை ஒரு பலகையில் எழுதி, பெயர்கள் இருக்கும் அதே இடத்தில் வைக்கவேண்டும். கௌரவமாக இல்லை, நடந்ததாக. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வருகிற இடம் அது. பெயரை மட்டும் கழற்றிவிட்டால் இன்னும் இருபது வருடத்தில், 1995இல் யாரையும் சேர்க்கவில்லை போல என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டு போகும். அந்தப் பிள்ளைக்குப் பியாபொட் என்கிற ஊர்ப் பெயரும் தெரியாது, 20,000 பிள்ளைகளும் தெரியாது. மகளிடம் இதைச் சொன்னேன். "பிடுங்கப்பட்ட ஒருவர் அங்கே வந்து அந்தப் பெயரைத் திரும்பப் பார்ப்பது எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். அதுவும் சரியான கேள்வி. அந்த மனிதரைக் கேட்டால் சொல்வார்.

கேட்க வழியில்லை. 1996இல் நான் வேறு வேலைக்குப் போனேன். அந்த உணவகம் இருந்த இடத்தில் இப்போது தொடர்மாடி வீடுகள். அவர் திரும்ப சஸ்காச்சுவானுக்குப் போய்விட்டார் என்று யாரோ சொன்னதுதான் கடைசி. கடைசி நாள் வேலை முடிந்தபோது அந்தக் கசெட்டை என் கையில் வைத்தார். தான் இன்னொன்று வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

மகளோடு கதைத்த அன்று இரவு பேஸ்மென்டில் போய்த் தேடினேன். பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூடக் கொப்பிகளுக்குக் கீழே, ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் கிடந்தது. போட்டுக் கேட்க வீட்டில் பிளேயர் இல்லை. மட்டையின் உள்பக்கத்தில், நீல மையில், அவர் கையால் எழுதிய இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று குசினியில் நாங்கள் கூப்பிட்ட பெயர், வளர்த்தவர்கள் வைத்தது. அதற்குக் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில், முப்பது வயதில் ஊருக்குப் போனபோது சொந்தக்காரர்கள் சொல்லித் தெரிந்துகொண்ட பெயர். அதை எப்படி உச்சரிப்பது என்று அவர் எனக்கு ஒரு தரம் சொல்லித் தந்திருக்கிறார். பேஸ்மென்ட் படியில் இருந்துகொண்டு சொல்லிப் பார்த்தேன். முதல் பாதி சரியாக வந்தது.